சுயேச்சை என்னும் முத்திரை

தேர்தல் காலத்தில் 'சுயேச்சை' என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. கட்சியின் சின்னமும் கொடியும் இல்லாமல் நிற்பவர் சுயேச்சை. நாட்டின் பொதுத்துறை நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களிலும் இதே சொல் புழங்குகிறது. ஆனால் அங்கே அதன் பொருள் ஏறக்குறையத் தலைகீழாகி விட்டது. ஆளுங்கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர், தேர்தலில் தோற்ற வேட்பாளர், மாநிலச் செய்தித் தொடர்பாளர் ஆகியோர் ஒரு நாள் காலையில் 'சுயேச்சை இயக்குநர்' ஆகிவிடுகிறார்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அவருடைய புகைப்படத்தின் கீழே 'சமூக சேவகர்' என்றோ 'கல்வியாளர்' என்றோ இரண்டு வரிக் குறிப்பு இருக்கும். கட்சியின் பெயர் மட்டும் இராது.

இதைத் தனிமனிதர்களின் ஒழுக்கக்கேடு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நாளேடுகளின் தலையங்கங்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன: தகுதியற்றவர்கள் நியமிக்கப்படுகிறார்கள், தகுதியுள்ளவர்களை நியமியுங்கள் என்று முடித்துக்கொள்கின்றன. நோய் அங்கே இல்லை. யார் சுயேச்சை என்று சான்றளிக்கும் அதிகாரம், யாரிடமிருந்து அவர் சுயேச்சையாக இருக்க வேண்டுமோ அவரிடமே சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வேண்டியவருக்குப் பதவி தருவது விதிமீறலாக இருந்த காலம் போய், விதியே அதற்கு வழிவிடும் நிலை வந்துவிட்டது.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 149-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். சுயேச்சை இயக்குநர் யார் என்பதை அது வெகு நுணுக்கமாக வரையறுக்கிறது. அவர் நிறுவனரின் உறவினராக இருக்கலாகாது. நிறுவனத்தின் தணிக்கையாளராகவோ சட்ட ஆலோசகராகவோ அண்மை ஆண்டுகளில் பணியாற்றியிருக்கக் கூடாது. தன் வருவாயில் கால்பங்கை அந்த நிறுவனத்திடமிருந்து பெறும் தொண்டு அமைப்பின் தலைவராக இருந்தால்கூடத் தகுதி இழப்பார். இத்தனை ஓட்டைகளை அடைத்த சட்டம், நிறுவனத்தின் உரிமையாளரான அரசை நடத்தும் கட்சியின் நிர்வாகி சுயேச்சையாக இருக்க முடியுமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. தனியார் நிறுவனத்தில் முதலாளியின் சகோதரர் சுயேச்சை ஆக முடியாது. அரசு நிறுவனத்தில் அமைச்சரின் கட்சிக்காரர் ஆகலாம்.

இது மறதியால் நேர்ந்த விடுபடல் என்று ஒருவர் நம்ப விரும்பினால், 2015 ஜூன் 5 அன்று நிறுவன விவகார அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையை அவர் பார்க்க வேண்டும். நேர்மையும் உரிய துறையறிவும் உடையவர் என்று 'இயக்குநர் குழு கருதும்' நபரே சுயேச்சை இயக்குநர் என்பது மூலச் சட்டத்தின் வாசகம். அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை, 'இயக்குநர் குழு' என்பதற்குப் பதிலாக நிர்வாகப் பொறுப்பு வகிக்கும் அமைச்சகம் அல்லது துறை, மாநிலம் எனில் மாநில அரசு, என்று அந்த அறிவிக்கை மாற்றியது. நிறுவனத்தோடு பணத் தொடர்பு இருக்கலாகாது என்ற நிபந்தனையிலிருந்தும் விலக்கு அளித்தது. நியமனக் குழு தகுதியானவரைத் தேடிப் பரிந்துரைக்க வேண்டும் என்ற கடமையும் அரசு நிறுவனங்களுக்குப் பெரும்பகுதி தளர்ந்தது. 2017 ஜூலையில் வந்த மற்றோர் அறிவிக்கை எஞ்சியதையும் பார்த்துக்கொண்டது. தலைவரின் செயல்பாட்டைச் சுயேச்சை இயக்குநர்கள் தனியே கூடி மதிப்பிட வேண்டும் என்ற விதி, அமைச்சகமே மதிப்பீட்டு முறையை வகுத்திருந்தால் பொருந்தாது என்றானது. தேடுவது, தேர்ந்தெடுப்பது, சான்றளிப்பது, மதிப்பிடுவது என அனைத்தும் ஒரே வாசலில் முடிகின்றன. இறுதி ஒப்புதல் தரும் அமைச்சரவை நியமனக் குழுவில் இருப்பவர்கள் பிரதமரும் உள்துறை அமைச்சரும்.

இதன் விளைவு எண்ணாகவே கிடைக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஆவணங்களை வைத்து 2021 ஜூலையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 98 மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் இருந்த 172 சுயேச்சை இயக்குநர்களுள் 86 பேர் ஆளும் பாரதிய ஜனதா கட்சியோடு தொடர்புடையவர்கள் என்றும், அவர்கள் 67 நிறுவனங்களில் பரவியிருந்தார்கள் என்றும் அது கண்டறிந்தது. சரிபாதி. கூட்டணிக் கட்சிகளுக்குக்கூட இத்தனை தாராளமாக இடம் ஒதுக்குவதில்லை.

அதற்கு முன்பே, 2017-இல், அக்கட்சியின் தேசியச் செய்தித் தொடர்பாளர் சம்பித் பாத்ரா ஓஎன்ஜிசியின் சுயேச்சை இயக்குநராக நியமிக்கப்பட்டபோது தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பலர் அத்தீர்ப்பைக் கண்டு பொருமினார்கள். பொருமுவதில் பயனில்லை. கட்சிப் பொறுப்பு தகுதியிழப்பு என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படாதபோது, நீதிமன்றம் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நியமனத்தை நீக்கும்? கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் சட்டம் இயற்றும் மன்றம். அந்த மன்றத்தில் எந்தக் கட்சியும் இதைத் தீவிரமாக எழுப்பியதில்லை. தங்கள் முறையும் வரும் என்று எல்லோரும் அறிவார்கள்.

முறை வந்துகொண்டுதான் இருக்கிறது. காங்கிரஸ் ஆட்சிக்காலங்களில் பொதுத்துறை வங்கிகளின் இயக்குநர் குழுக்கள் கட்சிக்காரர்களின் ஓய்வறைகளாக இருந்ததை வங்கித் துறையில் பணியாற்றியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலங்களுக்கு வந்தால் ஒப்பனைகூடத் தேவைப்படுவதில்லை. கேரளத்தில் எந்தக் கழகம் எந்தக் கூட்டணிக் கட்சிக்கு என்பது இரு முன்னணிகளின் ஆட்சியிலும் பாகப்பிரிவினைபோலப் பேசித் தீர்க்கப்படுகிறது. கர்நாடகத்தில் இதற்கென்றே 'நிகம மண்டலி' என்ற தொடர் அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. 2024 ஜனவரியில் அம்மாநிலக் காங்கிரஸ் அரசு 34 சட்டமன்ற உறுப்பினர்களைக் கழகங்களுக்கும் வாரியங்களுக்கும் தலைவர்களாக்கியது. அமைச்சர் தகுதியும் வழங்கியது. தமிழ்நாட்டில் தேர்தல் சீட்டு கிடைக்காதவர் 'வாரியமாவது வரும்' என்று காத்திருப்பதில் வியப்படைய எவரும் இல்லை.

அந்த 34 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அமைச்சர்களின் எண்ணிக்கை சட்டமன்ற உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. 224 உறுப்பினர்கள் கொண்ட கர்நாடகப் பேரவையில் அவ்வரம்பு 34. அமைச்சரவையில் 34 பேர் அமர்ந்த பிறகு, அதே தகுதியோடு இன்னொரு 34 பேர் கழகங்களின் வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். ஜம்போ அமைச்சரவைகளுக்கு முடிவுகட்ட வந்த திருத்தம், அந்தக் கூட்டத்தை அரசு நிறுவனங்களின் தலையில் இறக்கி வைத்திருக்கிறது. சில மாநிலங்கள் முதலில் நாடாளுமன்றச் செயலர் என்ற பதவியைக் குறுக்குவழியாக்கின. 2017-இல் அசாம் சட்டத்தைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த வழி குறுகியது. கழகங்களின் வழி அகன்றே இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசியலமைப்புக்கு இந்த வியாபாரம் நன்றாகவே தெரியும். அதே 91-ஆவது திருத்தம் சேர்த்த 361ஆ என்ற உறுப்பு, கட்சி தாவியதால் பதவி இழந்தவர்கள் 'ஊதியம் தரும் அரசியல் பதவி' எதையும் வகிக்கலாகாது என்கிறது. அப்பதவி எது என்பதற்குத் தரும் விளக்கத்தில், அரசு முழுமையாகவோ பகுதியாகவோ உரிமை கொண்ட அமைப்புகள் ஊதியம் தரும் பதவிகளையும் அடக்குகிறது. நிறுவனப் பதவிகள் அரசியல் விசுவாசத்தின் விலையாகக் கைமாறுகின்றன என்பதற்கு இதைவிட உயர்ந்த இடத்திலிருந்து ஒப்புதல் வாக்குமூலம் வர முடியாது. கட்சி மாறியவருக்கு அந்த விலை மறுக்கப்படுகிறது. கட்சியிலேயே இருந்தவருக்கு மறுக்கப்படவில்லை.

சரி, சில கட்சிக்காரர்கள் கூட்டப்படி வாங்கிக்கொண்டு போனால் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. படித்தொகை இங்கே பொருட்டே இல்லை. ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் என்று விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு அது தேநீர்ச் செலவு. கேட்க வேண்டிய கேள்வி, அந்த நாற்காலி எதற்காகப் போடப்பட்டது என்பது.

அரசு நிறுவனத்தில் அரசுக்குப் பல வேடங்கள். பெரும்பங்குதாரர் அதுவே. துறையின் கொள்கையை வகுப்பதும் வரி வசூலிப்பதும் அதுவே. சில வேளைகளில் நிறுவனத்தின் வாடிக்கையாளரும் அதுவே, நிறுவனத்துக்குப் பொருள் விற்பவரும் அதுவே. 2018 ஜனவரியில் எச்பிசிஎல் நிறுவனத்தில் மத்திய அரசிடமிருந்த 51.11 விழுக்காட்டுப் பங்கை ஓஎன்ஜிசி 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. விற்றவர் அரசு. வாங்கிய நிறுவனத்தின் பெரும்பங்குதாரரும் அரசு. அந்த நிதியாண்டின் பங்கு விற்பனை இலக்கான 72,500 கோடியில் ஏறக்குறைய பாதியை இந்த ஒரே பரிவர்த்தனை நிரப்பியது. அதுவரை கடன் சுமை அறியாத ஓஎன்ஜிசி இதற்காகப் பெருந்தொகை கடன் வாங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், குஜராத் அரசு நிறுவனமான ஜிஎஸ்பிசிக்குக் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் இருந்த எரிவாயு வயலின் 80 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 7,738 கோடிக்கு வாங்கிக்கொள்ள அது ஒப்பியிருந்தது.

இந்த முடிவுகள் வணிக நோக்கில் சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் விலை நியாயமா, இப்போதே வாங்க வேண்டுமா, கடன் தாங்குமா, பங்கு வைத்திருக்கும் சாதாரண மக்களுக்கும் ஓய்வூதிய நிதிகளுக்கும் இதில் என்ன நன்மை என்று கேட்க அந்த அறையில் எவருக்குக் கடமை இருந்தது? முழுநேர இயக்குநர்கள் அரசால் நியமிக்கப்பட்டவர்கள். அரசுப் பிரதிநிதிகளான இயக்குநர்கள் அமைச்சகத்தின் அதிகாரிகள். எஞ்சியிருப்பவர் சுயேச்சை இயக்குநர் ஒருவரே. இரண்டு அரசு நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் பரிவர்த்தனைகளுக்குத் தொடர்புடைய தரப்பினர் குறித்த செபி விதிகளில் விலக்கும் உண்டு என்பதால், அவருடைய கேள்விக்கு மாற்றாக வேறு காவலும் இல்லை. அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் விற்பவரின் கட்சிக்காரர் என்றால், பேரம் ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையே நடக்கிறது.

கேள்வி கேட்கும் குழு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஒரு காலத்தில் துணிச்சல் வேண்டியிருந்தது. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய் முதலிட்டபோது, கழகத்தின் முதலீட்டுக் குழு கலந்தாலோசிக்கப்படவில்லை. அந்தப் புறக்கணிப்பே குற்றத்தின் தடயமாயிற்று. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்பினார், சாக்ளா ஆணையம் வெளிப்படையாக விசாரித்தது, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். இன்று எந்தக் குழுவையும் புறக்கணிக்க வேண்டிய அவசியமில்லை. குழு கூடும், விவாதிக்கும், ஒருமனதாகத் தீர்மானிக்கும், குறிப்பேட்டில் பதிவாகும். தடயம் எதுவும் மிஞ்சாது.

சந்தையில் பங்குகளை விற்றுவிட்டால் இந்த உறவு ஒழுங்குபடும் என்று தாராளமயத்தின் தொடக்க ஆண்டுகளில் நம்பியவர்கள் பலர். 1992-இல் பொதுத்துறை நிறுவனங்கள் துறை, இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது அரசு சாராதவர்கள் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 1997-இல் நவரத்தினத் தகுதி அறிமுகமானபோது, குறைந்தது நான்கு அரசு சாரா இயக்குநர்கள் வந்த பிறகே கூடுதல் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்றது அரசு. நல்ல எண்ணந்தான். ஆனால் 'அரசு சாராதவர்' என்ற சொல்லுக்குள் கட்சி சார்ந்தவர் தாராளமாக நுழைந்துவிட்டார். கோல் இந்தியாவின் விலைக்கொள்கையில் அரசு தலையிடுகிறது என்று குற்றம் சாட்டி, 2012-இல் அதன் இயக்குநர்களுக்கு எதிராகவே ஒரு பிரிட்டன் முதலீட்டு நிதியம் நீதிமன்றம் சென்றது நினைவிருக்கலாம். இரண்டே ஆண்டுகளில் அந்த நிதியம் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. அமைச்சகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் காலங்களும் உண்டு. அதுவும் இதே நோயின் மறுமுகம். 2021 நவம்பரில் ஒரே வீச்சில் ஏராளமான சுயேச்சை இயக்குநர்கள் நியமிக்கப்பட்டார்கள். மூன்றாண்டுப் பதவிக்காலம் 2024 நவம்பரில் ஒரே வீச்சில் முடிந்தது. முடியும் தேதி நியமித்த நாளிலேயே தெரியும். இருந்தும் மாற்று ஆட்கள் இல்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் உரிய எண்ணிக்கையில் சுயேச்சை இயக்குநர்கள் இல்லாவிட்டால் பங்குச் சந்தைகள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கின்றன. இந்தியன் ஆயில், கெயில், ஓஎன்ஜிசி போன்ற பெருநிறுவனங்கள் காலாண்டுக்குக் காலாண்டு இந்த அபராத அறிவிப்பைப் பெற்றிருக்கின்றன. அவை எழுதும் விளக்கமும் மாறுவதில்லை: இயக்குநர்களை நியமிக்கும் அதிகாரம் அரசிடம் உள்ளது, இது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, அபராதத்தைத் தள்ளுபடி செய்க. நியமிக்கத் தவறியவர் அமைச்சர். அபராதம் கட்ட வேண்டியது பங்குதாரர்களின் பணத்திலிருந்து. சிஏஜி அறிக்கைகள் இந்தக் குறைபாட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டிவிட்டன. கண்காணிப்பவர் தேவை என்று அமைச்சகம் எண்ணியிருந்தால் ஒருநாள்கூட அந்த இடம் காலியாக இராது. பரிசுப்பொருளாகக் கருதுவதால்தான், யாருக்குத் தருவது என்ற பேரம் முடியும் வரை அது அலமாரியில் காத்திருக்கிறது.

மறுப்புகள் வரும். நிபுணர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. சத்யம் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் இருந்தார், ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் தலைவர் இருந்தார். ராமலிங்க ராஜுவின் குடும்ப நிறுவனங்களான மேடாஸ் இரண்டையும் வாங்க 2008 டிசம்பரில் அக்குழு ஒப்புதல் அளித்தது. மூன்று வாரங்களில் மோசடி வெடித்தது. ஆகவே பட்டங்களைக் கொண்டுவந்து அடுக்கினால் தீரும் என்பது பேராசிரியர்களின் சுயமோகம். ஆனால் சத்யம் கற்பிப்பது என்ன? எத்தனை பெரிய அறிஞராயினும், தன்னை அழைத்து அமர வைத்தவரிடம் கடுமையாகக் கேள்வி கேட்கக் கூசுகிறார். அறிஞருக்கே அந்தக் கூச்சம் என்றால், அடுத்த தேர்தல் சீட்டும் அதே கையிலிருந்து வர வேண்டிய கட்சிக்காரருக்கு எவ்வளவு இருக்கும்?

அரசியல்வாதிகளும் குடிமக்கள்தாமே, பொதுவாழ்வின் அனுபவம் நிறுவனத்துக்குப் பயன்படாதா என்பது அடுத்த மறுப்பு. பயன்படும். எதிர்க்கட்சிக்காரர்களின் அனுபவமும் பயன்படுமே. அவர்களுள் ஒருவர்கூட ஏன் அகப்படுவதில்லை?

மூன்றாவது மறுப்பு, தனியார் முதலாளிகளும் தங்களுக்கு வேண்டியவர்களைத்தானே அமர்த்துகிறார்கள் என்பது. அமர்த்துகிறார்கள். ஆனால் அங்கே பெரும்பங்கு முதலாளியின் சொந்தப் பணம். பொதுத்துறை நிறுவனத்தின் ஆவணங்களில் பங்கு குடியரசுத் தலைவரின் பெயரில் இருக்கிறது, எந்தக் கட்சியின் பொருளாளர் பெயரிலும் இல்லை.

பல்கலைக்கழகங்கள் இந்தக் கதையின் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கவில்லை. அரசு சாரா இயக்குநர்களுக்கான தகுதிப் பட்டியலில் பேராசிரியர்களுக்கும் கல்வி நிறுவனத் தலைவர்களுக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கான வேட்கை, துணைவேந்தர் பதவிக்கான வேட்கையைப் போலவே, பல கருத்தரங்குகளில் பேச்சின் சுருதியை முன்கூட்டியே தாழ்த்திவிடுகிறது. அதைவிடக் கேடான உடந்தை ஒன்று ஆய்வுமுறைக்குள்ளேயே இருக்கிறது. வணிகவியல், மேலாண்மை, பொருளியல் துறைகளில் நிறுவன ஆளுகை குறித்து வரும் ஆய்வேடுகளில், 'குழுவின் சார்பின்மை' என்ற மாறி எப்படி அளக்கப்படுகிறது? ஆண்டறிக்கையைத் திறந்து, சுயேச்சை என்று அச்சிடப்பட்டவர்களை எண்ணி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அந்த விகிதத்தை இலாபத்தோடும் பங்கு மதிப்போடும் தொடர்புபடுத்தி, பொதுத்துறையில் சுயேச்சை இயக்குநர்களால் குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை என்று முடிக்கிறார்கள். எப்படி இருக்கும்? அளக்கப்பட்டது அமைச்சகத்தின் முத்திரை. அந்த முடிவு பிறகு, சுயேச்சை இயக்குநர் ஏற்பாடே பொதுத்துறைக்குத் தேவையற்றது என்று வாதிடுபவர்களின் மேற்கோளாகிறது. பொய்யான பெயர்ப்பலகையை நம்பிச் செய்த ஆய்வு, அந்தப் பெயர்ப்பலகைக்கே அறிவியல் சான்றாகிவிடுகிறது.

செய்யக்கூடியவை அதிசயமானவை அல்ல. 2015 அறிவிக்கையின் அந்த ஒரு திருத்தத்தைத் திரும்பப் பெற நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. இன்னோர் அறிவிக்கை போதும். கட்சிப் பொறுப்பு வகித்தவர், தேர்தலில் போட்டியிட்டவர் ஆகியோருக்கு, தணிக்கையாளருக்கு விதித்ததைப் போல மூன்றாண்டு இடைவெளியை 149-ஆம் பிரிவில் சேர்க்கலாம். பிரிட்டனில் நோலன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1995 முதல் பொது நியமனங்களைக் கண்காணிக்கத் தனி ஆணையர் இருக்கிறார். அங்கும் வேண்டியவருக்குச் சலுகை ஒழிந்துவிடவில்லை, ஆனால் நியமிக்கப்படுபவரின் கட்சிச் செயல்பாடு அறிவிக்கப்படுகிறது. இங்கே அந்த ஒற்றை வரியைப் பெற ஒரு நாளேடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. சிறுபான்மைப் பங்குதாரர்கள் மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் ஒருவரேனும் ஒவ்வொரு பட்டியலிடப்பட்ட அரசு நிறுவனத்திலும் இருக்கலாம்.

இவற்றுக்கு எந்த அரசும் தானாக முன்வராது. அதுவரை பல்கலைக்கழகத் துறைகளால் இயன்ற வேலை ஒன்று உண்டு. தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் பட்டியல்களும் கட்சிகளின் நிர்வாகிகள் பட்டியல்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன; நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் கிடைக்கின்றன. மூன்றையும் ஒப்பிட்டு, 2013 முதல் மத்திய, மாநில அரசு நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநர்களாக இருந்த ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே அவருடைய கட்சி, பொறுப்பு, போட்டியிட்ட தொகுதி ஆகியவற்றைப் பதிவுசெய்யும் தரவுத்தொகுப்பை ஒரு துறை, இரண்டு மூன்று ஆய்வு மாணவர்களோடு, ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கிவிட முடியும்.